எதிர்பாராத திருப்பங்களில் திருவருளை இனங்காணல்: வன்னியை முன்வைத்து ஒரு விசாரணை

ஒருவர் தமக்கென வகுத்துக்கொண்ட வழியிலே வாழ்வு செல்லாது, அவர் எண்ணியும் பாராத ஒரு திசையிலே திரும்பிவிடும்போது, அத்திருப்பத்தினுள்ளே திருவருள் தொழிற்படுகின்றதென்று எதனைக்கொண்டு துணிவது என்னும் வினா, தமிழிலே சமயம் பேசத் தொடங்கிய காலந்தொட்டு மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டு வந்திருக்கின்றது. அதற்கு அளிக்கப்பெற்ற விடைகளுட் சில, நூல்களிலே தர்க்கமாக வகுக்கப்பட்டன. சில, அடியார் சரித்திரங்களாக வளர்ந்தன. வேறு சில, ஏட்டிலே ஏறாமல், கோவில் வீதியிலும் மாதா திருநாளிலும் செய்யப்படும் கிரியைகளாகவே நிலைத்துவிட்டன.

இவ்விடைகளை வன்னிப் பெருநிலப்பரப்பிலே நின்று மீளாய்வு செய்வதற்கு நியாயம் உண்டு. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களால் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் துரத்தப்பட்டுக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறியோரும், 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறி வந்தோரும், 1996-இல் கிளிநொச்சியை இழந்து மேலும் கிழக்கே நகர்ந்தோரும், 2004 டிசெம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையிலே கடலுக்கு உறவினரைப் பறிகொடுத்தோரும், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலத்தால் வெளியேறிச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களை அடைந்தோரும் இன்று அடுத்தடுத்த வீடுகளிலே வாழ்கின்றனர். பலருக்கு இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சொந்த அநுபவம். திருப்பம் என்பது வாழ்நாளில் ஒருமுறை நேரும் விசேஷமாக இல்லாமல் வாழ்வின் வழக்கமான நடையாகவே ஆகிவிட்ட இத்தகைய நிலத்திலே, அருளைப் பற்றிய எந்தக் கோட்பாடும் இம்மக்களின் அநுபவத்துக்கு முகங்கொடுத்தே தன் தகுதியை நிலைநாட்ட வேண்டும்.

ஊழை முன்வைத்த விடை

பழைய தமிழ் நூல்கள் இவ்வினாவை அணுகியபோது முதலில் ஊழையே காரணமாகக் காட்டின. திருக்குறளின் 38-ஆம் அதிகாரம், மனிதன் வேறொரு வழியைச் சூழ்ந்தாலும் ஊழே முந்திக்கொள்ளும் என்று சொல்லி அறத்துப்பாலை முடித்து வைக்கின்றது. ஆயினும் 62-ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமை, தளராது முயல்வோர் அவ்வூழையும் புறங்காண்பர் என்று கூறுவதனால், அந்நூலுக்குள்ளேயே இவ்விஷயம் ஒருமுகமாக முடிவுபெறவில்லை என்று கொள்வதே தகும்.

சிலப்பதிகாரத்தின் பதிகம் ஊழ்வினையின் தப்பாமையைக் காவியத்தின் மூன்று உண்மைகளுள் ஒன்றாக வைக்கின்றது. கோவலனின் கொலைக்கு, அவன் முற்பிறப்பிலே பரதன் என்னும் பெயரினனாய்ச் சிங்கபுரத்திலே சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்த பழிச்செயலே ஏது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு விளக்குகின்றது. கோட்பாடு என்ற அளவில் இது குறைவற்ற விளக்கம். காரணமில்லாத துன்பம் என்று உலகத்தில் ஒன்றுமில்லாமற் செய்துவிடுகின்றது. ஆனால் இளங்கோ அதனை எங்கே வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. கண்ணகி அரசவையிலே வழக்குரைத்து, பாண்டியன் தன் பிழை உணர்ந்து உயிர்விட்டு, மதுரை எரியத் தொடங்கிய பின்னரே அவ்விளக்கம் வருகின்றது. வினையைச் சுட்டும் விளக்கம், நியாயம் கேட்பதற்குப் பதிலாகிவிடக் கூடாது என்பதனை அக்கதையின் அமைப்பு உணர்த்துவதாகவே தோன்றுகின்றது.

சித்தாந்தத்தின் விடை

ஊழை அருளின் கருவியாக மாற்றியமைத்த பெருமை சைவ சித்தாந்தத்துக்கு உரியது. 13-ஆம் நூற்றாண்டிலே மெய்கண்டாரின் சிவஞானபோதமும் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும், 14-ஆம் நூற்றாண்டிலே உமாபதி சிவாசாரியாரின் நூல்களும் வகுத்தவாறு, வினை தானே பயன் தருவதில்லை, அது சடம். அதனை உயிருக்கு ஏற்ற காலத்தில், ஏற்ற அளவில் ஊட்டுபவன் இறைவன். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலும், மறைத்தல் உட்பட, அருளின் செயல்களே. மகவைத் தண்டிக்கும் தந்தையையும், நோயாளியின் உடலைக் கீறும் மருத்துவனையும் அருணந்தியார் உவமையாகக் காட்டுவது இக்கருத்தை நிலைநாட்டுவதற்கே.

இனங்காணும் விஷயத்திலே சித்தாந்தம் சொல்வது மிக நுட்பமானது. ஆணவ மலத்தால் மறைப்புண்ட உயிர், அருளின் நடுவே நின்றும் அருளை அறியாது. இப்பிறவியில் நுகர வந்த வினையாகிய பிராரத்தத்தை நுகர்ந்து, இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்க்கப்பெற்று, அருட்சத்தியின் பதிவாகிய சத்திநிபாதம் படிப்படியாகப் பதிந்த பின்னரே, முன்னே நேர்ந்தவை யாவும் எதற்காக நேர்ந்தன என்பதை அது திரும்பிப் பார்த்து உணர்கின்றது. ஆகவே அருளை இனங்காணுதல் பெரும்பாலும் பின்னோக்கிய அறிவு. நிகழும்போதே படித்தறியக்கூடிய குறியன்று. இக்கருத்தை இக்கட்டுரையின் முடிவிலே மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இவ்விடையின் பலவீனங்களும் மறைப்பதற்குரியன அல்ல. தண்டிக்கும் தந்தை பிள்ளையின் கண்முன்னே நிற்கின்றான். அவன் அடி பிள்ளையைக் கொல்வதுமில்லை. 2009-இல் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலே, சில வாரங்களுக்குள், கைக்குழந்தை முதல் முதியோர் வரை ஆயிரமாயிரம் பேர் மாண்டபோது, அத்தனை பேரின் பிராரத்தமும் ஒரே இடத்திலே ஒரே காலத்திலே பக்குவப்பட்டது என்று கூறுவது சித்தாந்த தர்க்கத்துக்கு இயலாததன்று. ஆனால் அதனைக் கூறும் வாய்க்கு ஓர் உரிமை வேண்டும், அவ்வுரிமை எவருக்கு உண்டு என்பதே கேள்வி. வினைக் கோட்பாட்டிலே எள்ளளவும் ஐயம் கொள்ளாத ஆறுமுக நாவலர், 1870-களின் பிற்பகுதியிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, பட்டினி கிடந்தோரின் பழவினையைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிராமல், கஞ்சித்தொட்டி அமைத்துக் கஞ்சி வார்ப்பித்தார். கோட்பாட்டை நன்குணர்ந்தோர் அதனைப் பிறர் துன்பத்தின்மேல் எவ்வளவு சிக்கனமாகப் பிரயோகித்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

இம்மரபின் அண்மைக்கால முகமொன்று கிளிநொச்சியோடு தொடர்புடையது. 1872-இல் மாவிட்டபுரத்திலே பிறந்த யோகர் சுவாமிகள், துறவுக்கு முன்னர்க் கிளிநொச்சியிலே நீர்ப்பாசனப் பகுதியின் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றியவர்; நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளின் ஓர் அதட்டலினால் அவர் வாழ்வு திரும்பியது என்பது யாழ்ப்பாணத்தார் யாவரும் அறிந்தது. காரியம் எப்போதோ முடிந்துவிட்டது என்றும், பொல்லாப்பு ஒன்றும் இல்லை என்றும், நாம் அறியோம் என்றும், முழுதும் உண்மை என்றும் பொருள்படும் நான்கு வாக்கியங்களை அவர் தம் அடியாருக்கு விட்டுச் சென்றார். அவற்றுள் பொல்லாப்பு இல்லை என்பதனை மட்டும் பிரித்தெடுத்து ஆறுதலாக விநியோகிப்பது இலகு. அறியோம் என்பதும் அதே வரிசையில் நிற்கின்றது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் துணிபு.

திலகவதியார் எங்கே நிற்கின்றார்?

பெரியபுராணம் முழுவதையும் எதிர்பாராத திருப்பங்களின் தொகுதி எனலாம். புத்தூரிலே மணப்பந்தரில் இருந்த சுந்தரரைக் கிழவேதியர் ஒருவர் அடிமையோலையோடு வந்து தடுத்தாட்கொள்கின்றார். சமணத்திலே தருமசேனராய் உயர்ந்திருந்த மருணீக்கியாரைச் சூலைநோய் பற்றித் திருவதிகைக்குத் திருப்பி நாவுக்கரசராக்குகின்றது. அருள், நோயின் வடிவிலும் வழக்கின் வடிவிலும் வரலாம் என்பதற்கு இவ்விரண்டும் வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் சரித்திரங்கள்.

ஆனால் வன்னியிலே இருந்து படிக்கும்போது, அப்பர் எனப்படும் அந்நாவுக்கரசரின் சரித்திரத்திலே கண் சென்று நிலைப்பது அவருடைய தமக்கையார் திலகவதியாரிடத்திலேயே. தந்தை புகழனார் நோயால் இறக்கின்றார். தாய் மாதினியார் உடன் செல்கின்றார். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் அரசன் ஏவலாற் போர்க்களம் சென்று அங்கே மாள்கின்றார். உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி அநாதையாவான் என்னும் ஒரே இரக்கத்தால் உயிர் தாங்குகின்றார். அத்தம்பியும் பின்னர் அவரை விட்டு அகன்று பாடலிபுத்திரம் சேர்கின்றான். போரிலே துணையை இழந்து, பெற்றோரையும் இழந்து, எஞ்சிய பிள்ளைக்காகவோ சகோதரத்துக்காகவோ வீட்டைத் தனியே தாங்கும் பெண்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை ஆயிரம் பேர்!

சேக்கிழார், சூலையை அருள் என்று தயங்காமற் சொல்கின்றார். திலகவதியாரின் வேண்டுதலுக்கு விடையாகவே அது வந்தது என்றும் காட்டுகின்றார். ஆனால் கலிப்பகையாரின் மரணத்தை அருள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அம்மரணம் நிகழாதிருப்பின் திலகவதியார் திருவதிகையிலே திருத்தொண்டு செய்யும் நிலை வந்திராது, அத்தொண்டும் வேண்டுதலும் இல்லையேல் நாவுக்கரசர் இல்லை என்று ஒரு சங்கிலியைக் கோத்துக்கொள்வது வாசகருக்குச் சுலபமாயினும், கவிஞர் அச்சங்கிலியின் முதற்கண்ணியை அருளோடு பிணைக்காமல் விட்டுவிடுகின்றார். இது தற்செயலாக நேர்ந்ததாயினும் ஆகலாம். நான் இதனைப் பெருங்கவிஞர் ஒருவரின் விவேகம் என்றே கொள்கின்றேன். தம் நோயை அருள் என்று பாட அப்பருக்கு உரிமை உண்டு. போரில் மாண்டவனின் சாவை அவ்வாறு பெயரிட எவருக்கும், அவனுக்கெனப் பேசப்பட்டிருந்த பெண்ணைத் தவிர, உரிமை இல்லை. அவரோ அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஏதுவுள்ள கிருபையும் ஏதுவற்ற கிருபையும்

வைணவத்திலே இவ்வினா வேறொரு வடிவம் பெற்றது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல உயிரிடத்திலே சிறு முயற்சியேனும் வேண்டும் என்பது வேதாந்த தேசிகரை முதல்வராகக் கொண்ட வடகலையார் நிலை. தாயே கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப் போல உயிர் வாளா இருந்தாலே போதும் என்பது பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார் நிலை. முன்னதன் சிக்கல், அருள் கூலியாகிவிடும் அபாயம். பின்னதன் சிக்கல், ஒருவரைக் கவ்வியவள் மற்றவரை ஏன் கவ்வவில்லை என்னும் கேள்விக்கு விடையின்மை. ஏதுவற்ற கிருபையைப் பேசிய லோகாசாரியரே, 14-ஆம் நூற்றாண்டிலே திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, முதுமையிலே பெருமாளின் திருமேனியை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே இடம்பெயர்ந்து, மதுரைக்கு அருகே வழியிலேயே பரமபதித்தார் என்று அச்சம்பிரதாயம் கூறுகின்றது. கோட்பாட்டை வகுத்தவர் அதன் கடினமான பக்கத்தையும் அநுபவித்தே சென்றார்.

மடுவிலே எழுந்த விடை

கிறிஸ்தவ மரபிலே இவ்வினாவின் ஆதாரக் கதை, சகோதரரால் விற்கப்பட்டு எகிப்திலே அதிபதியாகிய யோசேப்பின் வரலாறு. அவர்கள் தீமையாக எண்ணியதைக் கடவுள் நன்மையாக மாற்றினார் என்று இறுதியிலே சொல்பவர் விற்கப்பட்டவராகிய யோசேப்பே. விற்ற சகோதரர் அதனைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது விசுவாசமாயிராது, சாக்காகவே இருந்திருக்கும்.

வன்னிக் காட்டின் மேற்கு விளிம்பிலுள்ள மடுத் திருத்தலம், இக்கதையை ஈழத்து நிலத்திலே மீண்டும் எழுதியது எனலாம். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்திலே, 1670-ஆம் ஆண்டளவில், மாந்தையைச் சேர்ந்த 20 குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டிலே தஞ்சம் புகுந்தன. ஓட்டம் திருத்தலமாயிற்று. 1687-இல் மாறுவேடத்திலே இலங்கை வந்த புனித யோசேப் வாஸ் அடிகளுக்கும் அவ்வாறே நேர்ந்தது: 1692-இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என்ற ஐயத்தின்மேற் சிறைப்பட்டார், அச்சிறையே நாளடைவில் அரசனின் அறிமுகத்துக்கும், ஒல்லாந்தரின் கை எட்டாத இடத்திலே பணிசெய்யும் வாய்ப்புக்கும் வாயிலாயிற்று. பாதுகாப்பைப் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இவை வலிமையான சான்றுகள்.

அதே மடு, அந்நம்பிக்கைக்கு மிகக் கடுமையான சோதனையையும் தந்தது. 1999 நவம்பரிலே ஆலயத்திலே தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்து ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். 2008 ஏப்ரலிலே திருச்சொரூபமே பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்ட் மாதத்திலே திரும்பியது. அடைக்கலம் தந்தவளே அகதியானபோது, கடவுள் காப்பார் என்ற இறையியல் பின்னுக்குச் சென்று, கடவுள் உடன் துன்புறுகின்றார் என்ற சிலுவையின் இறையியல் முன்னுக்கு வந்தது இயல்பே. இதற்கும் குறை உண்டு: உடன் துன்புறும் கடவுள் துன்பத்தை நிறுத்தவில்லையே என்பது அது. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றியபோது இறையியல் விளக்கம் எதனையும் முன்வைக்கவில்லை. 2008 ஒக்ரோபரிலே வன்னியில் இருந்ததாக மாவட்டச் செயலகங்கள் பதிந்த 4,29,059 பேரிலிருந்து, அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாகச் சொல்லப்பட்ட 2,82,380 பேரைக் கழித்து, எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். திருவருளை நம்பும் ஒருவர் பிறர் துன்பத்தின் முன்னிலையிலே செய்யக்கூடியது இன்னது என்பதற்கு நாவலரின் கஞ்சித்தொட்டியோடு இக்கணக்கையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

இவ்வினா இஸ்லாத்துக்கும் உரியதே. 1990 ஒக்ரோபரிலே வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டவர்களுள் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்களும் அடங்குவர். நடப்பது யாவும் அல்லாஹ்வின் நாட்டம் என்பதும், அதனை ஸப்ரோடு, அதாவது பொறுமையோடு, ஏற்க வேண்டும் என்பதும், எனினும் அநியாயம் செய்தவன் அந்நாட்டத்தைத் தனக்குக் கேடயமாக்க முடியாது என்பதும் அவர்தம் மார்க்கத்தின் போதனை. அயலவரின் வெளியேற்றத்தை எவ்வாறு பார்ப்பது என்பது தமிழ்ச் சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் உரிய கேள்வியாகவும் நிற்கின்றது.

நேர்த்தியும் பொங்கலும்

சாதாரண சனங்கள் நூல்களைப் பார்த்து விடை தேடவில்லை. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், குரக்கன் அறுத்த ஒட்டுக்கு உழவன் ஒருவன் தீயிட்டபோது எரியாது எஞ்சிய இடத்திலே வெளிப்பட்டவர் என்பது ஐதிகம். வற்றாப்பளையிலோ, மதுரையை எரித்து வந்த கண்ணகி நந்திக்கடற் கரையிலே கிழவி வடிவத்தில் இடைச்சிறுவர் முன் தோன்றினாள் என்றும், விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்ற அவர்களிடம் கடல்நீரை எடுத்து ஏற்றச் சொன்னாள் என்றும் கர்ணபரம்பரைக் கதை வழங்குகின்றது. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர், முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோவிலிலே உப்புநீரில் விளக்கெரித்து, பின்னர் வற்றாப்பளைக்குக் கொண்டு செல்கின்றனர். பாக்குத்தெண்டல் முதல் பொங்கல் ஈறாக ஒவ்வொரு கிரியையும் வரன்முறையாக நடைபெறுகின்றது.

இவ்வழிபாட்டிலே மறைந்துள்ள கருத்து, முன்னே சொன்ன சிலப்பதிகாரச் சிக்கலுக்கு நேரான மறுமொழி. ஊழை விளக்கிய மதுராபதிக்கு வன்னி மக்கள் கோவில் எடுக்கவில்லை. நியாயம் கேட்டுச் சிலம்பை உடைத்தவளுக்கே எடுத்தார்கள். அநியாயத்துக்கு ஆளானவளே அருள் வழங்குபவள் என்று கொண்டமையால், துன்பத்தை நியாயப்படுத்தாமலே அருளைப் பேசும் ஒரு வழி அவர்களுக்கு வாய்த்தது. நேர்த்திக்கடன் வழிபாட்டைக் கொடுக்கல் வாங்கல் என்று படித்தவர் இகழ்வது உண்டு. கேட்டது கிடைத்தால் மட்டுமே அருள் என்ற எல்லையில் அது நின்றுவிடக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் பிள்ளையைப் புதைத்த கரையிலே மறு ஆண்டும் வந்து பொங்குவோரை அவ்வெல்லைக்குள் அடக்குவது நேர்மையாகாது.

மறுப்பாளர் வாதம்

1755 நவம்பர் 1-ஆம் நாள், சகல பரிசுத்தர் திருநாளிலே, லிஸ்பன் நகரில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோர்மீது கோவில்கள் இடிந்து விழுந்தபோது, யாவும் நன்மைக்கே என்ற மெய்யியலைப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் கடுமையாகத் தாக்கினார். 2004-இல் ஒரு ஞாயிறு காலையிலே முல்லைத்தீவைக் கடல் மூடியபோதும் அவ்வாதம் பழமைப்பட்டிருக்கவில்லை. தமிழகத்தின் சுயமரியாதை இயக்கத்தாரும் ஈழத்து மார்க்சிய எழுத்தாளரும் இதனையே வேறு மொழியில் உரைத்தனர்.

இவ்வாதத்தின் மிகக் கூர்மையான பகுதி சாட்சியத்தைப் பற்றியது. செல் விழுந்த வேளையில் பங்கரைவிட்டு வெளியே வந்தமையால் உயிர்தப்பியவர் உண்டு; வெளியே வந்தமையால் மாண்டவரும் உண்டு. தப்பியவர், கடவுள் தம்மை அழைத்தார் என்கின்றார். மாண்டவருக்குப் பேச்சில்லை. ஒரு பக்கத்தார் மட்டும் சாட்சி கூறும் வழக்கிலே தீர்ப்பு எவ்வாறு அமையும்? நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும் மனம், சிதறிய சம்பவங்களை ஒரே நோக்கமுடைய கதையாகத் தொடுத்துக்கொள்ளும் இயல்புடையது என்று உளவியலார் சொல்வதும் இதனோடு சேரும்.

அருளை உலக நிகழ்ச்சிகளுக்குரிய காரண விளக்கமாகக் கொள்வோருக்கு இவ்வாதம் மறுக்க முடியாதது என்றே கருதுகின்றேன். ஆனால் தப்பிய ஒருவர், இவ்வுயிர் என் சம்பாத்தியமன்று, எனக்குத் தரப்பட்டது என்று கூறி, அதன் பேரிலே பிறர் பிள்ளை இரண்டை வளர்க்கத் துணிவாராயின், அவர் காரணம் எதனையும் நிறுவ முற்படவில்லை, நன்றி கூறுகின்றார். அந்நன்றி, மாண்டவரைப் பற்றி எதுவும் சொல்லாதவரையில், மறுப்பாளரின் வாதத்துக்கு அகப்படுவதில்லை. அது பிழைத்தவர் தெரிந்தெடுக்கப்பட்டார், மாண்டவர் கைவிடப்பட்டார் என்று ஓரடி கூடுதலாக எடுத்து வைக்கும் கணத்திலேயே மீண்டும் அகப்பட்டுவிடும்.

முடிவுறாத திருப்பங்கள்

மேலே கண்ட மரபுகள் தம்முள் எவ்வளவு முரண்படினும், அவற்றின் சிறந்த சான்றோரிடத்திலே இரண்டு விஷயங்கள் பொதுவாகக் காணப்படுகின்றன. அருளை இனங்காணும் வாக்கியம் தன்மையிலே மட்டும் சொல்லத்தக்கது: அப்பர் தம் சூலையையும் யோசேப்பு தம் அடிமைத்தனத்தையும் சொல்லலாம், பிறரதைச் சொல்லலாகாது. அன்றியும் அது பின்னோக்கிச் சொல்லத்தக்கது. முதலாவது வரம்பைப் பற்றி எனக்கு ஐயமில்லை. இரண்டாவதே சங்கடமானது.

பின்னோக்கிப் பார்ப்பதற்கு ஒரு முடிவு வேண்டும். சுந்தரரின் வழக்குத் தீர்ந்தது. அப்பரின் நோய் தீர்ந்தது. யோசேப்பு சகோதரரைக் கண்டார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலின் முன்பாகக் கொட்டகை அமைத்து, வலிந்து காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளையும் கணவன்மாரையும் கேட்டு அமர்ந்த குடும்பங்களுக்கு அத்தகைய முடிவு வாய்க்கவில்லை. படையினரிடம் தாமே கையளித்த பிள்ளை இருக்கின்றானா இல்லையா என்பது தெரியாதவரையில், அத்திருப்பம் இன்னும் நிகழ்ந்துகொண்டேயிருக்கின்றது. அதனைத் திரும்பிப் பார்க்க நிற்பதற்கு இடமே இல்லை. அத்தாய்மாருட் பலர் விடை காணாமலே இறந்தும் போயினர்.

சித்தாந்தம், முடிவை அடுத்த பிறவிக்கு நகர்த்தக்கூடும். கிறிஸ்தவம், மறுமைக்கு நகர்த்தக்கூடும். இவ்விரண்டும் நம்பிக்கைக்கு முரணானவை அல்ல, ஆயினும் கோவில் வாசலிலே படத்தை ஏந்தி நிற்பவளின் கேள்வி அவற்றுக்கு உரியதன்று. அவள் மனிதரிடம், பெயரும் பதவியும் உடைய மனிதரிடம், ஒரு தகவலைக் கேட்கின்றாள். அது கிடைக்கும்வரை அவளுடைய வாழ்விலே திருவருளைப் பற்றிப் பேசத் தகுதியுடைய இறையியல் ஒன்று இருக்க முடியுமா, முடியுமாயின் அது எவ்வடிவம் பெறும் என்பது, நான் அறிந்தவரையில் எந்த மரபும் இன்னும் முழுமையாக எதிர்கொள்ளாத வினா. கந்தனை நோக்கி அவள் கோவிலுக்கு உள்ளேயும் செல்கின்றாள், வெளியே கொட்டகையிலும் அமர்கின்றாள். அவ்விரண்டு செயலையும் ஒருங்கே விளக்கவல்ல விடையை ஆராய்ச்சியாளர் தேடுவதற்கு முன்னர், அவளிடமே கேட்டறிய வேண்டியவை பல உள்ளன.